மலையில் புல்வெட்டும் மெஷின்: ஆயில் காட்டும் கோளாறுகளும் தீர்க்கும் முறையும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புல்வெட்டும் மெஷின் மக்கர் செய்தால் முதலில் பிளக்கைக் கழற்றுவார்கள், அடுத்து கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவிப் பார்ப்பது கடைசியில்தான். அதை முதலில் பார்த்தாலே பாதிக் கோளாறுக்குக் காரணம் தெரிந்துவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் ஓடும் மெஷினில் ஆயில் சூட்டில்தான் கெடும். மேலே 2,000 மீட்டரில் அதே ஆயிலுக்குள் தண்ணீர் இறங்கும், பெட்ரோல் இறங்கும், சரிவில் நின்றால் ஆயில் போகக்கூடாத இடத்துக்குப் போய்ச் சேரும். அதனால் சமவெளிக் கணக்கை வைத்து இங்கே மெஷினைப் பராமரித்தால் சரிவராது.

இங்கே சொல்வது கையால் தள்ளும், நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் மெஷினுக்கு. இரண்டு ஸ்ட்ரோக் தோள் மெஷினைப் பற்றிப் பின்னால் தனியாக வருகிறது.

குச்சியைச் சரியாகப் பார்ப்பது எப்படி

மெஷின் சமதளத்தில் நிற்க வேண்டும். மலையில் சமதளம் என்று கண்ணுக்குத் தெரிவதை நம்ப வேண்டாம். போர்ட்டிகோ தரையோ வராண்டாவோ நல்லது. சந்தேகம் இருந்தால் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி எஞ்சின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால் இடத்தை மாற்றுங்கள். எஞ்சின் நின்று ஐந்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும்.

குச்சியைத் துணியால் துடைத்து, திரும்ப விட்டு எடுக்க வேண்டும். இங்கேதான் தப்பு நடக்கிறது. ஹோண்டா ஜிசிவி 160 போன்ற எஞ்சினில் குச்சியை உள்ளே வைத்தால் போதும், திருகக் கூடாது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களில் பொதுவாக முழுக்கத் திருகி மூடி எடுத்துப் பார்க்க வேண்டும். திருக வேண்டியதைத் திருகாமல் பார்த்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆயில் போதவில்லை என்று நினைத்து மேலே மேலே ஊற்றிவிடுவார்கள். திருகக் கூடாததைத் திருகினால் நேர்மாறாக, இல்லாத ஆயில் இருப்பதுபோலக் காட்டும். எந்த எஞ்சினுக்கு எது என்பது அதன் கையேட்டில் இருக்கும். ஒருமுறை பார்த்து, மூடி மேலேயே மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள்.

குச்சியில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறது

ஆயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது. மழையில் நனைந்ததால் மட்டும் இப்படி ஆவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் பிரீதர் (ஆயில் அறையின் ஆவி வெளியேறும் குழாய்) வழியே வெளியேறும். மூடுபனியில், பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிரில், வாசலில் இருக்கும் சின்னப் புல்தரையை எட்டே நிமிடத்தில் வெட்டி நிறுத்தினால் ஆயில் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கும். தகரக் கூரை போட்ட ஷெட்டில் இரவெல்லாம் நின்றால் இன்னும் சேரும்.

முதலில் இரண்டு இடத்தைப் பிரித்துப் பாருங்கள். மூடியின் அடிப்பக்கத்தில் மட்டும் வெள்ளை நுரை, குச்சியின் நுனியில் ஆயில் தெளிவு என்றால் பயமில்லை. மூடியைத் துடைத்துவிட்டு, அடுத்த முறை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் போய்விடும். நுனியிலும் பால் நிறம் என்றால் ஆயிலை மாற்றித்தான் ஆக வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது. பழையதை வடித்து, புது ஆயில் ஊற்றி, பதினைந்து நிமிடம் புல்லில் சுமையோடு ஓட்டி, சூட்டோடு அதையும் வடித்து, மறுபடி புதிதாக ஊற்றுங்கள். முதல் ஆயில் உள்சுவரில் ஒட்டிய ஈரத்தைக் கழுவி எடுக்கத்தான்.

திரும்பவும் வந்தால் கழுவும் முறையைப் பாருங்கள். வேலை முடிந்ததும் டெக்கின் (பிளேடை மூடியிருக்கும் தகடு) அடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதில் தப்பில்லை. எஞ்சின் மேல், முக்கியமாக ஆயில் மூடி, ஏர் ஃபில்டர், பிரீதர் குழாய் பக்கம் பீய்ச்சினால் தண்ணீர் உள்ளே போகும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன வளையம்தான், ஆனால் அது சரியில்லாவிட்டால் எத்தனை தடவை ஆயில் மாற்றினாலும் வீண்.

ஊற்றியதைவிட ஆயில் அதிகமாக இருக்கிறது. பெட்ரோல் வாடை அடிக்கிறது

ஆயில் தானாகக் கூடாது. பெட்ரோல் இறங்கியிருக்கிறது. குச்சி நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்புக் குறைந்து தண்ணீர்போல ஓடினால் சந்தேகமே வேண்டாம். அந்த ஆயிலோடு ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓட்டாதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயில், பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடைக் காப்பாற்றாது.

பெரும்பாலும் காரணம் கார்புரேட்டரில் மிதவைக்கு மேல் உள்ள ஊசி வால்வு. அதில் தூசி சிக்கினாலோ தேய்ந்தாலோ டேங்க்கில் உள்ள பெட்ரோல் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குப் போய், அங்கிருந்து ஆயில் அறைக்கு இறங்கும். மெஷினைப் பிக்கப்பில் ஏற்றிக் கொண்டை ஊசி வளைவுகளில் கொண்டுபோனாலும் இதே கதி. குலுக்கலில் மிதவை ஆடி வால்வு மூடாமல் நிற்கும். பெட்ரோல் காக் (பெட்ரோலை அடைக்கும் திருகு) உள்ள மெஷினில் வேலை முடிந்த கையோடு அதை மூடி, கார்புரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை விடுங்கள். காக் இல்லாத மெஷினை வண்டியில் ஏற்றுவதற்கு முன் டேங்க்கைக் காலி செய்வதே நல்லது.

மிதவைக் கிண்ணத்தை ஸ்குரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் சிக்கிய ஊசி சில சமயம் விடும். அது அன்றைய நாளுக்கான வைத்தியம்தான். ஊசியை மாற்றிவிட்டு ஆயிலையும் மாற்றுங்கள்.

மலைக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். சமவெளிக்கென்று அமைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) அதே அளவு பெட்ரோலை விட, காற்று போதாமல், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. ஹோண்டா கையேடு 1,500 மீட்டருக்கு மேல் எப்போதும் ஓடும் எஞ்சினுக்கு உயரத்துக்கான ஜெட் மாற்றச் சொல்கிறது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் நான்குமே அதற்கு மேல்தான். அப்படி மாற்றிய மெஷினைக் கீழே கொண்டுபோய் ஓட்டினால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்; கீழே விற்பதாக இருந்தால் பழைய ஜெட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

நீலப் புகை

பனி மூட்டத்தில் புகையின் நிறம் பிடிபடாது. குளிர்ந்த காலையில் முதல் இரண்டு மூன்று நிமிடம் வரும் வெள்ளை, நீராவி; உடனே கரைந்துவிடும். கரையாமல் புல் மேல் தாழ்ந்து நின்று, எரிந்த எண்ணெய் வாடை அடித்தால் அது ஆயில்.

மெஷினைச் சாய்த்து பிளேடு சுத்தம் செய்த பிறகு வருகிறதா? ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் கீழே போகும்படி சாய்த்திருப்பீர்கள். ஆயில் பிரீதர் வழியாகக் கார்புரேட்டருக்கும் ஃபில்டருக்கும் வந்திருக்கும். ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். காகித ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஸ்பாஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, சில துளி புது ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பிறகு பத்து நிமிடம் ஓடவிட்டால் மிச்சம் எரிந்து தீரும்.

குச்சியில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் இருக்கிறதா? கூடுதலை எடுத்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் 50 மில்லி சிரிஞ்சின் முனையில் மெல்லிய ட்யூபைச் செருகி மூடி வழியாகவே உறிஞ்சலாம்.

அளவு சரி, சாய்க்கவும் இல்லை, ஆனாலும் புகை என்றால் சரிவைக் கவனியுங்கள். தள்ளும் மெஷினில் சிலிண்டர் படுக்கைவாட்டில் இருக்கும். சிலிண்டர் தலை பள்ளத்தைப் பார்த்து நின்றால் ஆயில் அந்தப் பக்கம் ஓடி, ரிங்கையும் பிரீதரையும் முங்கவைக்கும். போகும்போது புகைந்து, திரும்பி வரும்போது நின்றுவிட்டால் எஞ்சினில் குறையில்லை, நிலத்தின் சரிவுதான் காரணம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ரிங் மாற்றச் செலவழிக்க வேண்டாம்.

எவ்வளவு சரிவு தாங்கும்? பொதுவாக 15 டிகிரி வரை. அளக்க, ஒரு மீட்டர் நீளக் கட்டையின் ஒரு முனையை மேட்டில் வைத்து மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனையில் இருந்து தரை 27 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் 15 டிகிரியைத் தாண்டிவிட்டது. அந்த இடத்தை மெஷினால் வெட்ட வேண்டாம்; கால் வழுக்கிப் பிளேடில் மாட்டும் ஆபத்து ஆயில் கோளாறைவிடப் பெரியது. அதற்குக் குறைந்த சரிவில் தள்ளும் மெஷினைக் குறுக்கே தள்ளிப் போக வேண்டும், மேலும் கீழுமாக அல்ல.

சமதளத்திலும் இரு திசையிலும் புகைந்தால்தான் ரிங், பிரீதர், ஹெட் கேஸ்கெட் என்று மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

கறுப்புப் புகை

இதற்கும் ஆயிலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், சோக் முழுக்கத் திறக்கிறதா பாருங்கள், ஜெட்டைப் பாருங்கள். ஆனால் நீண்ட நாள் கறுப்புப் புகையோடு ஓடிய மெஷினில் ஆயிலிலும் பெட்ரோல் இறங்கியிருக்கும். அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

காலையில் கயிற்றை இழுக்கவே முடியவில்லை

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளங்களில் புல் மேல் உறைபனி படியும். அந்த நேரத்தில் கயிறு கனக்கிறது என்றால் உள்ளே என்ன ஆயில் என்று கேளுங்கள். பெரும்பாலும் பைக்குக்கு வாங்கி மிஞ்சிய 20டபிள்யூ40 ஆக இருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு தடிக்கும் என்பதைக் காட்டுகிறது. எண் சிறிதானால் குளிரிலும் இளகி ஓடும். பின்னால் உள்ள எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. 20டபிள்யூ40 ஊட்டிக் காலையில் தேன்போல நிற்கும். கயிறு கனப்பது மட்டுமில்லை, தொடங்கிய முதல் விநாடிகளில் ஆயில் எல்லா இடத்துக்கும் தெறித்துச் சேராமல் உள்ளே தேய்மானம் நடக்கும். இந்தச் சின்ன எஞ்சின்களில் பலவற்றில் ஆயில் பம்ப் கிடையாது. சுழலும் துடுப்பு ஆயிலை வாரி இறைத்தால்தான் உண்டு.

எங்கள் பரிந்துரை: குன்னூரில் இருந்து மேலே வருடம் முழுக்க 10டபிள்யூ30. விடியலில் வேலை தொடங்குபவர்கள் சிந்தெடிக் 5டபிள்யூ30 போடலாம். எஸ்ஏஇ 30 என்று ஒற்றை எண்ணில் வரும் ஆயில் சமவெளி வெயிலுக்கு அருமையானது. 4 டிகிரிக்குக் கீழே அதை வைத்து ஸ்டார்ட் செய்வது கஷ்டம். அதேபோல் 10டபிள்யூ30 கீழே 27 டிகிரிக்கு மேல் கொஞ்சம் அதிகம் செலவாகும், அங்கே அடிக்கடி குச்சியைப் பார்க்க வேண்டும். டப்பாவில் தரக் குறியீடாக ஏபிஐ எஸ்ஜே அல்லது அதற்குப் பிந்தைய எழுத்து இருக்கட்டும். ஜாசோ எம்ஏ, எம்பி என்பதெல்லாம் பைக், ஸ்கூட்டரின் கிளட்ச் கணக்கு. புல் மெஷினில் ஆயிலில் நனையும் கிளட்ச் இல்லாததால் எது இருந்தாலும் சரி. அதனால் ஸ்கூட்டருக்கு விற்கும் 10டபிள்யூ30 தாராளமாகப் போடலாம், எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஆயில் சரியாக இருந்தும் கயிறு கல்லுபோல நின்றால் வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். பிளேடைச் சுற்றி ஈரப் புல் இறுகியிருக்கலாம். பிளக் வயரைக் கழற்றிவிட்டு அடியில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சிலிண்டருக்குள் ஆயிலோ பெட்ரோலோ நிரம்பியிருக்கும், திரவம் அமுங்காது என்பதால் பிஸ்டன் நகராது. பிளக்கைக் கழற்றி, ஓட்டையின் மேல் துணி போட்டு, வயர் முனையை ஓட்டையில் இருந்து தள்ளி வைத்து, ஐந்தாறு தடவை மெதுவாக இழுத்தால் வெளியே வந்துவிடும். பக்கத்தில் நெருப்பு, பீடி எதுவும் கூடாது.

ஆயில் குறைந்துகொண்டே போகிறது

கீழே சிமெண்டில் கறை விழுகிறதா? வடிக்கும் போல்ட்டின் வாஷரை மாற்றுங்கள். போல்ட்டை இன்னும் இறுக்கிப் பார்ப்பது தவறு. அலுமினிய மரை வழுக்கிவிட்டால் செலவு பல மடங்கு. பிளேடுக்கு மேலே, தண்டு வெளியே வரும் இடத்தில் ஈரம் என்றால் ஆயில் சீல் போயிருக்கிறது. நம் பக்கத்துக் கிக்கியூ புல் மெத்தைபோல அடர்ந்து கல்லையும் தேயிலைக் கட்டையையும் மறைத்துவிடும். பிளேடு அதில் மோதினால் தண்டு மயிரிழை வளையும்; பிறகு புதுச் சீல் போட்டாலும் சில மணி நேரத்தில் பிய்ந்துவிடும். மெஷின் உதறுகிறதா என்று பாருங்கள். உதறினால் சீலை மாற்றுவதற்கு முன் தண்டு நேராக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

டக் டக் சத்தம், ஆயிலில் மினுமினுப்பு

உடனே நிறுத்துங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். முதல் ஆயில் மாற்றத்தில் நுண்ணிய வெள்ளித் தூள் கொஞ்சம் வருவது இயல்பு, புது பாகங்கள் உராய்ந்து பழகும் தூள். பிறகும் வந்தால், அல்லது செதில் செதிலாக வந்தால், ராடு போகிறது. ஆயில் மாற்றி இதைக் குணப்படுத்த முடியாது.

ஆயில் மாற்றும் முறை

புது மெஷினில் முதல் மாற்றம் ஐந்து மணி நேரத்தில். பிறகு கையேட்டில் பொதுவாக 50 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. கிக்கியூ புல்லும் பனியும் சேர்ந்த இடத்தில் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்பதே எங்கள் கருத்து. மே மாத மலர்க் கண்காட்சி சீசனில் காட்டேஜ், ஹோட்டல் புல்தரைகளில் தினம் ஓடும் மெஷினுக்கு 25 மணி இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். மழைக்கு மெஷினை ஓரங்கட்டுவதாக இருந்தால் நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். பழைய ஆயிலில் உள்ள ஈரமும் அமிலமும் நிற்கும் மாதங்களில் பேரிங்கை அரிக்கும்.

டேங்க்கில் பெட்ரோல் தீரும் தறுவாயில் ஆரம்பியுங்கள். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த ஆயில் அழுக்கை உள்ளேயே விட்டுவிட்டு வடியும். எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். இதைச் செய்யாமல் பிளேடு பக்கம் கையை விடவே கூடாது.

ஆயில் மூடியைச் சுற்றி ஒட்டிய புல்லைத் துடைத்துவிட்டு மூடியைத் திறங்கள். வடிக்கும் போல்ட் இருந்தால் அடியில் தட்டு வைத்துக் கழற்றுங்கள். போல்ட் இல்லையென்றால் மூடி இருக்கும் பக்கம் மெஷினைச் சாய்த்து வடியுங்கள். ஏர் ஃபில்டர் மேலே இருக்க வேண்டும். மூடியும் ஃபில்டரும் ஒரே பக்கத்தில் இருக்கும் மெஷின் என்றால் சாய்க்காமல் சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். ஐந்து நிமிடம் முழுதாக வடியட்டும்.

ஹோண்டா ஜிசிவி 160க்கு 550 மில்லி, ஜிஎக்ஸ்வி 160க்கு 650 மில்லி. இதை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். பழையது கொஞ்சம் உள்ளே தங்கியே இருக்கும். 100 மில்லி குறைவாக ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, குச்சியைப் பார்த்து, மேல்கோடு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வயரை மாட்டி, ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மூடியில் தேதியை எழுதுங்கள்.

தோள் மெஷினும் குழப்பமும்

தேயிலைத் தோட்டத்தில் களை வெட்டும் தோள் மெஷினில் இரண்டு ஜாதி உண்டு. இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்து போகும்: 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி, 2டி ஆயில். நான்கு ஸ்ட்ரோக்கில் தனி ஆயில் அறை உண்டு: ஹோண்டா ஜிஎக்ஸ் 35க்கு 100 மில்லி, ஜிஎக்ஸ் 25க்கு 80 மில்லி, அதே 10டபிள்யூ30. அவ்வளவு சின்ன அளவில் 20 மில்லி குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போயிற்று, அதனால் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் மெஷினில் கலந்த பெட்ரோல் போய்விட்டால் புகைக்கும், பிளக் கறுக்கும். டேங்க்கைக் காலி செய்து நல்ல பெட்ரோல் விட்டால் சரியாகும். நேர்மாறானதுதான் கொடியது: இரண்டு ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல் போனால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டு கேனுக்கும் இரண்டு நிறம் வையுங்கள், ஒரே ஷெல்ஃபில் வைக்காதீர்கள்.

கலந்ததோ கலக்காததோ, இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் கேனிலோ டேங்க்கிலோ நிற்கவிட வேண்டாம்.

வடித்த ஆயில்

புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி இறுக மூடி, மேலே ‘பழைய ஆயில்’ என்று எழுதுங்கள். வேலிக் கம்பத்துக்குப் பூசுவது, களை மேல் ஊற்றுவது, ஓடையோரம் கொட்டுவது எல்லாமே கடைசியில் கீழ் வீட்டுக் கிணற்றிலும் ஊருணியிலும் போய் முடியும். சரிவில் மண் எதையும் தேக்கி வைக்காது. நாலைந்து டப்பா சேர்ந்ததும், பழைய ஆயிலை மொத்தமாக மறுசுழற்சிக்குக் கொடுக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். ஆயில் துடைத்த துணியைக் குவித்து மூலையில் போடாமல், மூடியுள்ள தகர டப்பாவில் தனியாக வையுங்கள்.